இடது தொடையின் வயது

தாய்மாமன்களுக்கு இப்படி ஒரு காலம் வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. காதுகுத்துக்குக் குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்ளவும், சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் நடக்கவும், பந்தியில் மரியாதை குறைந்துவிட்டது என்று முறைத்துக்கொண்டு போகவும்தான் தாய்மாமன் என்று இருந்தது. மைட்டோ வைத்தியம் வந்தது, எல்லாம் தலைகீழாகிவிட்டது. சொத்துத் தகராறில் வருஷக்கணக்காய்ப் பேசாதவர்கள்கூட ஆப்பிள் பையும் கையுமாக அம்மாவின் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "மாமா, சௌக்கியமா? கால் வலி ஏதும் இல்லையே?" என்று விசாரித்தார்கள். விசாரிப்பெல்லாம் காலைப் பற்றித்தான், ஏனென்றால் எடுப்பது தொடையிலிருந்து. விவரம் தெரிந்த மாமன்கள் சிலர் ஊரைவிட்டே போய் ஒளிந்துகொண்டதாகவும் கேள்வி.

சென்றாயன் ஒளியவில்லை. அவருக்கு ஒளியத் தோன்றவும் இல்லை. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தர்மபுரிப் பக்கத்து ஆள், சேலத்தில் குடியிருப்பு. போன மாசிமாதம் அவர் மனைவி கோகிலா காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வரவில்லை. அங்கிருந்துதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

டாக்டர் நஸ்ரின் நாற்பது வயதுக்காரர். எதையும் நிதானமாகச் சொல்லுவார். இருவரையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, திரையைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க வீட்டம்மாவுக்கு வயசு அம்பத்தொண்ணு. ஆனா அவங்க இதயத் தசைக்கு எண்பத்தெட்டு."

சென்றாயன் திரையைப் பார்த்தார், கோகிலாவைப் பார்த்தார். "என்னங்க டாக்டரம்மா, ஒரே ஆளுக்கு ரெண்டு வயசா?"

"ரெண்டு என்ன சார், தேடினா இருபது இருக்கும். தோலுக்கு ஒண்ணு, ஈரலுக்கு ஒண்ணு. எல்லாம் ஒண்ணாப் பொறந்தாலும் ஒண்ணா வயசாகறதில்ல."

இது அவருக்குக் கொஞ்சம் பிடிபட்டது. "பஸ்ஸுக்கு ஆர்.சி. புக்குல ஒரு வருஷம் போட்டிருக்கும். ஆனா கியர் பாக்ஸ் வேற வயசு, ரேடியேட்டர் வேற வயசு. அப்படிங்களா?"

"அப்படியேதான். நம்ம செல் ஒவ்வொண்ணுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டி இன்ஜின் இருக்கு. அதுக்குத் தனியா ஒரு சின்ன டி.என்.ஏ. உண்டு. இன்ஜின் எரிய எரிய அந்த டி.என்.ஏ. அடி வாங்கும். அடி வாங்கினதும் சும்மா இருக்காது, தன்னை மாதிரியே நகல் எடுத்துக்கும். ஒரு கட்டத்துல நல்லதைவிட கெட்டது ஜாஸ்தியாயிடும். அந்தச் சதைக்கு வயசாயிடுச்சுன்னு நாங்க சொல்றது அதைத்தான்."

"புது இன்ஜின் மாத்திட முடியாதுங்களா?"

"இப்ப முடியும். ஆனா ஒரே கொடியில வந்ததா இருக்கணும். இந்த டி.என்.ஏ. அம்மாகிட்டேருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும், அப்பாகிட்டேருந்து வராது. அதனால தாய்க்கொடின்னு சொல்றோம். வேற கொடியை ஏத்தினா இதயம் ஏத்துக்காது." டாக்டர் கோகிலாவின் பக்கம் திரும்பினார். "அம்மா இருக்காங்களா?"

"இல்லீங்க."

"கூடப்பொறந்தவங்க?"

"நான் ஒருத்திதான்."

"பிள்ளைங்க?"

கோகிலா ஜன்னல் பக்கம் பார்த்தாள். சென்றாயன்தான் தலையை ஆட்டி இல்லை என்றார்.

"சரி. தாய்மாமன் யாராவது?"

"நான்தாங்க" என்றார் சென்றாயன்.

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க அவங்க வீட்டுக்காரர்னு..."

"அதுவும் நான்தாங்க."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு மைட்டோ கொடுக்கிற பாக்கியம் உலகத்தில் யாருக்கும் கிடையாது, அக்கா மகளைக் கட்டிக்கொண்டவனைத் தவிர. பத்து நிமிஷத்தில், கோகிலாவைச் சேர்த்திருந்த மூன்றாவது மாடி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பக்கத்துப் படுக்கை அம்மாள் கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கென்னம்மா, வீட்டுக்குள்ளயே மருந்தை வெச்சுக்கிட்டு வந்திருக்கே" என்றாள். சொந்தத்தில் கட்டாதே என்று இத்தனை காலம் சொல்லிவந்த நர்ஸம்மாக்கள் எட்டி எட்டிச் சென்றாயனைப் பார்த்தார்கள். மனிதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மீசையைத் தடவியதற்குப் பெருமை மட்டும் காரணமில்லை.

கோகிலா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு நடந்த கல்யாணம் அது. நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்றாள். "தம்பிக்கு உரிமை இருக்கு, வெளியில விடமாட்டேன்" என்று சென்றாயனின் அக்கா ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். ஒரு வாரம் கோகிலா சாப்பிடவில்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவருக்குத் தெரியும். பத்து வயது மூத்த மாமனைக் கட்டிக்கொண்டு வந்தாள். மூன்று தடவை உண்டாகி மூன்றும் தங்கவில்லை. மூன்றாவது தடவை பார்த்த டாக்டர், "சொந்தத்துல பண்ணினதால இருக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு கோகிலா அவரோடு சண்டையே போட்டதில்லை. வேளைக்குச் சோறு, துவைத்த யூனிஃபார்ம், "மாமா, கரண்டு பில்லு வந்திருக்கு." சண்டை இல்லாத வீடு எவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த மாமன் முறையால் அவளுக்கு ஒரு நல்லதும் நடந்ததில்லை. இப்போது முதல் தடவையாக நடக்கப்போகிறது. அதை நினைத்தபோது சென்றாயனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பரிசோதனைக்குத் தொடையில் துளி சதை எடுக்க வேண்டும். "எந்தக் கால்ல எடுக்கட்டும்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இடது கால்ல எடும்மா. வலது கால் வேணாம்."

"ஏன், அதுல அடி கிடி பட்டிருக்கா?"

"பிரேக் கால்மா அது."

வண்டியைவிட்டு இறங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் டிரைவர் டிரைவர்தான். எத்தனையோ ஆயிரம் பேரின் உயிரைப் பிடித்து நிறுத்திய காலில் ஊசி குத்த மனசு வரவில்லை. நர்ஸ் சிரித்துக்கொண்டே இடது தொடையில் எடுத்துக்கொண்டாள்.

முடிவு வந்த அன்று டாக்டர் நஸ்ரின் சிரிக்கவில்லை. இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்தார்.

"பொருந்தலை சார். உங்க கொடி வேற, அவங்க கொடி வேற."

சென்றாயனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "வேறன்னா? நான் அவ அம்மாவுக்குத் தம்பிங்க. கூடப்பொறந்த தம்பி."

"தெரியும் சார். அதனாலதான் ரெண்டு தடவை மெஷின்ல போட்டுப் பாத்தேன். ரெண்டு தடவையும் அதேதான் வந்தது." டாக்டர் தயங்கினார். "உங்க ரெண்டு பேருக்கும் தாய்வழியில உறவு இல்லைன்னு காட்டுது. குடும்பத்துல யாராவது... எடுத்து வளர்த்த மாதிரி..."

சென்றாயன் நினைத்துப் பார்த்தார். தர்மபுரி ஆஸ்பத்திரியில் அம்மா தன்னைப் பெற்ற கதையை அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! மழை, மாட்டுவண்டி, பாலம் உடைந்தது, அத்தனையும் சொல்லியிருக்கிறாள். இல்லாத பிள்ளைக்கு இவ்வளவு கதை கட்டுவார்களா? அல்லது அக்காவைத்தான் எடுத்து வளர்த்தார்களா? அல்லது கோகிலாவையா? கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் உயிரோடு இல்லை.

"அப்ப இவளுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"மைட்டோ கொடுக்கறவங்க பதிவகத்துல தேடச் சொல்லியிருக்கேன். மலையடிவாரத்துக் கொடி, அபூர்வமானது. இதுவரைக்கும் யாரும் சிக்கலை. தீபாவளி வரைக்கும் இதயம் தாங்கும். அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாது."

இந்த மாதிரிச் செய்திக்குக் காலே வேண்டாம், தானே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். பெரியப்பா மகன் முனிரத்தினம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார். காப்பி குடித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டேய் சென்றாயா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே. வர்ற ஆடியில கோயில் பரிவட்டத்தை என் பையனுக்குக் கட்டிடலாம்னு பேசிக்கறாங்க."

"ஏண்ணா? எப்பவும் நான்தானே..."

"நீ எங்க வீட்டுப் பிள்ளைதான்டா, யாரு இல்லைன்னா? ஆனா சாமி காரியம். நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாரு."

அவர் போன பிறகு சென்றாயன் கண்ணாடி முன்னால் நின்றார். அப்பாவின் மூக்கு என்று எல்லோரும் சொல்லும் மூக்கு அங்கேயேதான் இருந்தது. அது அப்பாவுடையதுதானா என்று இப்போது சந்தேகமாக இருந்தது. அறுபத்தொரு வருஷம் ஒரு பெயரோடு, ஒரு குலதெய்வத்தோடு, ஒரு முறையோடு வாழ்ந்துவிட்டு, கடைசியில் நீ யாரோ என்றால் மனுஷன் எங்கே போய் நிற்பான்? கோபம் வந்தது. யார்மேல் படுவது என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே படுத்திருப்பவளைக் காப்பாற்ற இருந்த ஒரே வழியும் போய்விட்டதே என்ற துக்கம்.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. பதறிப்போய் ஓடினார். கோகிலா கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வாங்க, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு? கோகிலா, என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலை." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா ஒத்தைக் கால்ல நின்னாங்களே, உரிமை உரிமைன்னு. என்ன உரிமை? யாரோ ஒரு டிரைவருக்கு என்னைக் கட்டி வெச்சிருக்காங்க!" மறுபடியும் சிரிப்பு. "ஏங்க, உங்க பேரு என்ன?"

"என்ன விளையாட்டு இது?"

"சொல்லுங்க. உங்க பேரு என்ன?"

"சென்றாயன்" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"சொந்த ஊரு?"

"தெரியலையே" என்றார். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் அவரை மாமா என்று கூப்பிடவில்லை. "ஏங்க" என்றாள், சில சமயம் யாரும் இல்லாதபோது துணிச்சலாகப் பெயர் சொல்லியே கூப்பிட்டாள். சண்டையும் போட்டாள். காப்பியில் சர்க்கரை ஜாஸ்தி, துண்டை ஈரத்தோடு கட்டிலில் போடுகிறீர்கள், ராத்திரி குறட்டை. முப்பது வருஷமாக அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். சென்றாயனுக்கு இது என்ன வியாதி, என்ன குணம் என்றே விளங்கவில்லை. சாகக் கிடக்கிறவள் இப்படி மலர்ந்து போவாளா? ஆனால் வீட்டில் சத்தம் இருந்தது. அது போதும் என்று இருந்தது.

ஒருநாள் மேட்டூருக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அணைப் பூங்காவில் அவளை ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, வறுத்த மீன் வாங்கி வந்து கொடுத்தார். முள்ளை எடுத்து அவரே ஊட்டிவிட வேண்டும் என்றாள். சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். சென்றாயனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"எல்லாரும் பாக்கறாங்க கோகிலா."

"பாக்கட்டுமே. நாம என்ன சொந்தக்காரங்களா, வெக்கப்பட?" ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். கொஞ்சநேரம் தண்ணீரையே பார்த்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? அந்த மூணு பிள்ளைங்க. சொந்தத்துல கட்டுனதாலதான் போச்சுன்னு நான் இத்தனை வருஷமா... தினம் நெனைப்பேன். உங்க முகத்தைப் பாக்கறப்பல்லாம் நெனைப்பேன். எங்கம்மா முகத்தைக் கடைசியில பாக்கவே எனக்குப் பிடிக்கலை."

"தெரியும்" என்றார் சென்றாயன்.

"இப்ப அது இல்லைன்னு ஆயிடுச்சு. எதனாலயோ போச்சு. யார் மேலயும் தப்பில்லை." அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. முன்னாடி பிடிச்சுதான்னு தெரியலை. அப்ப யாரும் என்னைக் கேக்கலை. நானும் என்னைக் கேட்டுக்கலை."

சென்றாயன் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, தான் யார் வயிற்றில் பிறந்திருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தார். பரிவட்டமும் போகட்டும், மூக்கும் போகட்டும். இவள் மட்டும் இருந்தால் போதும். அவள் இருக்கப்போவதில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

ஆவணியில் டாக்டர் நஸ்ரினிடமிருந்து போன் வந்தது. அவரை மட்டும் வரச் சொன்னார். போன மாதம் ஒரு ஆராய்ச்சிக்கு என்று சொல்லி அவர் வலது தொடையிலும், கன்னத்துக்குள்ளேயும், ரத்தத்திலும் மாதிரி எடுத்திருந்தார்கள். பிரேக் காலைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று அவரும் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"சார், நீங்க எந்த மாதிரி பஸ் ஓட்டினீங்க?" என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"எல்லாம்தாங்க. கடைசியில கரண்டு பஸ். அதுக்கு முன்னாடி ரொம்ப வருஷம் டீசல் வண்டி. தொப்பூர் கணவாய் வழியா."

"இன்ஜின் எந்தப் பக்கம் இருக்கும்?"

"உள்ளயேதான். டிரைவருக்கு இடது பக்கத்துல இன்ஜினை மூடின பானெட் இருக்கும். சூடுன்னா சூடு, அப்படி ஒரு சூடு! சாக்கு போட்டு மூடியிருப்போம். இருந்தாலும் இடது கால் வெந்துரும். கிளட்ச்சும் அந்தக் கால்லதான்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்க வலது தொடைக்கு வயசு அம்பத்திரண்டு. இடது தொடைக்குத் தொண்ணூத்தி ஆறு."

"என்னது?"

"இப்படி ஒரு காலை நாங்க யாருமே பாத்ததில்லை. அதனாலதான் மத்த இடத்துலயும் எடுத்துப் பாத்தேன். அந்த இடது தொடையில இத்தனை வருஷச் சூட்டுல டி.என்.ஏ. அடி மேல அடி வாங்கி, நகல் எடுத்து நகல் எடுத்து, அம்மா கொடுத்த எழுத்தே மாறிப்போயிருக்கு. மெஷின் கொடியைப் பாக்கறது ஒரு சின்னத் துண்டை வெச்சுத்தான். அந்தத் துண்டும் உங்க இடது கால்ல மாறிடுச்சு. நாலு எழுத்து மாறியிருந்தா வேற கொடின்னு சொல்லிடும்." டாக்டர் முன்னால் குனிந்தார். "மெஷின் மேல தப்பில்ல. ஒரு இடத்துல மட்டும் பாத்துட்டு முடிவு சொன்னது என் தப்பு. மன்னிச்சுக்கங்க. உங்க ரத்தம், கன்னம், வலது கால் எல்லாமே கோகிலாம்மாவோட அச்சு அசலாப் பொருந்துது."

"அப்படின்னா..."

"நீங்க அவங்க தாய்மாமன்தான். சந்தேகமே இல்லை. அவங்களைக் காப்பாத்திடலாம் சார்."

சென்றாயன் எழுந்து நின்றார். கைகூப்பினார். "சாமி!" என்றார். அப்புறம் உட்கார்ந்தார். முகத்தில் வந்த வெளிச்சம் ஏதோ யோசித்ததும் மெல்ல இறங்கிப்போனது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன சார்? சந்தோஷமான சேதிதானே?"

"சந்தோஷம்தாங்க. ரொம்ப சந்தோஷம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டாக்டரம்மா, இதை அவகிட்ட சொல்லாம இருக்க முடியுமா?"

"எதை?"

"நான்தான் கொடுக்கறேன்னு. பதிவகத்துல யாரோ சிக்கிட்டாங்கன்னு சொல்லுங்க. வெளி ஆளு கொடுத்தா பேரைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்காமே."

"இருக்கு. ஆனா நீங்க உறவில்லைன்னு நான் அவங்ககிட்ட தப்பாச் சொல்லியிருக்கேன். அதைத் திருத்தறது என் கடமை. உங்களுக்கும்தானே நல்லது? உங்க குடும்பத்துல என்னென்னவோ பேசினாங்கன்னு சொன்னீங்களே."

"பேசட்டும். எனக்கு ஒண்ணும் வேணாம்."

"ஏன் சார்?"

எப்படிச் சொல்வது? மீனைப் பற்றிச் சொல்வதா, குறட்டையைப் பற்றிச் சொல்வதா? சொன்னால் இந்தப் படித்த பெண்ணுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். இருந்தாலும் சொன்னார். முன்னுக்குப்பின் முரணாக, திக்கித் திணறி, மேட்டூர் வரை எல்லாவற்றையும் சொன்னார். "மூணு பிள்ளைங்க டாக்டரம்மா. அது என்னாலதான்னு முப்பது வருஷமா மனசுக்குள்ள வெச்சிருந்தா. இப்பத்தான் இறக்கி வெச்சிருக்கா."

"சொந்தத்துல கட்டுனதாலதான் அப்படி ஆச்சுன்னு யாராலும் உறுதியாச் சொல்ல முடியாது சார்."

"இல்லைன்னு உறுதியாச் சொல்ல முடியுங்களா?"

டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார்.

"பாத்தீங்களா? அதை நான் ஒருத்தன் வெச்சுக்கறேன். அவளுக்கு வேணாம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க செய்யறது சரியா தப்பான்னு எனக்கே தெரியலை. உண்மை அவங்களுக்குச் சொந்தம், உங்களுக்கு மட்டும் இல்லை. ஒண்ணு பண்றேன். நானாச் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க கேட்டா, பொய் சொல்ல மாட்டேன்."

"கேக்க மாட்டா" என்றார் சென்றாயன். அதுவும் அவருக்கு நிச்சயமாகத் தெரியாது.

வலது தொடையில் எடுத்தார்கள். கைப்பிடி அளவு. எடுத்த பிறகு அந்தக் காலுக்கும் வயது ஏறிவிடும், இனிமேல் வண்டி எதுவும் ஓட்டக் கூடாது என்று சொல்லித்தான் எடுத்தார்கள். பென்னாகரத்தில் ஒரு பழைய நண்பரின் வீட்டுக் காரியம் என்று கோகிலாவிடம் சொல்லியிருந்தார். திரும்பி வந்து, படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களை எண்ணிவிடலாம். அத்தனையையும் அந்த ஒரு வாரத்தில் சொல்லி முடித்தார்.

யாரோ ஒருவர் கிடைத்துவிட்டார் என்று கேட்டதும் கோகிலா நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். "சென்றாயன், இங்கயே இருங்க" என்றாள்.

இதயம் ஏற்றுக்கொண்டது. ஐப்பசி பிறந்தபோது அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டாள். மாடிப்படி ஏறினாள், இறங்கினாள், மறுபடியும் ஏறிக் காட்டினாள். சென்றாயன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கால்களும் இப்போது அவருக்குப் பாரமாக இருந்தன. புதிதாகப் பார்ப்பவர்கள் இருவரையும் பார்த்துவிட்டு, உங்கள் மகளா என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. கோகிலா அதற்கும் சிரித்தாள்.

ஒருநாள் காலை, பரிசோதனைக்குத் தனியாகவே ஆஸ்பத்திரி போய்விட்டு வந்தாள். கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. உள்ளே வேட்டி, துண்டு, சட்டைத்துணி எல்லாம் தாய்மாமனுக்கு வைக்கிற மாதிரி மஞ்சள் தடவி மடித்து இருந்தன.

"இது யாருக்கு?" என்றார் சென்றாயன்.

"கொடுத்தவருக்கு. டாக்டரம்மாகிட்ட கேட்டேன்."

சென்றாயன் நிமிர்ந்தார். "என்ன கேட்டே?"

"ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டேன். ஆம்பளைன்னாங்க. நல்லா இருக்காரான்னு கேட்டேன். நல்லா இருக்காரு, கால் மட்டும் கொஞ்சம் வலிக்கும்னாங்க."

"யாருன்னு கேக்கலையா?"

"கேக்கலை" என்றாள் கோகிலா. "கேளுங்கன்னு சொல்ற மாதிரி அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன்."

அவள் பையை மேஜைமேல் வைத்து, துண்டின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"என் கொடியில பொறந்த ஆம்பளை. அப்ப அவர்தானே என் நெஜ மாமன்? அவர் அன்னிக்கு எங்க வீட்டுல இருந்திருந்தா, எங்கம்மா அவருக்குத்தான் என்னைக் கட்டி வெச்சிருப்பாங்க. நான் அவரை மன்னிச்சிருக்கவே மாட்டேன். பாவம், அவர் மேல ஒரு தப்பும் இருந்திருக்காது. இருந்தாலும் மன்னிச்சிருக்க மாட்டேன்." துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "இப்ப உசுரு கொடுத்திருக்காரு. அவருக்கும் எனக்கும் கணக்குத் தீந்துபோச்சுன்னு வெச்சுக்கறேன்."

சென்றாயன் அவள் முகத்தையே பார்த்தார். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் பேசுகிறாளா? முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த முகத்தை அவரால் படிக்க முடியவில்லை. கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் ஏதோ ஒன்று உடைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

கோகிலா பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே கொண்டுபோய்ச் சேத்துடுங்க. கோகிலா கும்பிட்டான்னு சொல்லுங்க. நல்லா இருக்கச் சொல்லுங்க." அடுப்படிப் பக்கம் இரண்டடி நடந்தவள் திரும்பி நின்றாள். "ஆனா ஒண்ணுங்க. அவரை வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டு வந்துடாதீங்க."

சென்றாயன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வர மாட்டாரு" என்றார்.